திருவருகைக் காலத்துக்கு எந்தப் புத்தகம்? ஒரு வாசகியின் கேள்விக்கு ஆற்றுப்படுத்துநரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் 46 வயதுத் தமிழாசிரியை. சீர்திருத்தச் சபைக் குடும்பத்தில் பிறந்தவர், கணவர் கத்தோலிக்கர், இவர்களுக்கு 17 வயதில் ஒரு மகன். ஓராண்டுக்கு முன் தந்தையை இழந்த பிறகு உறக்கமும் பசியும் குன்றி, எதிலும் மனம் பதியாமல் போனதால் மருத்துவரிடம் சென்றிருக்கிறார். மனச்சோர்வு என்று கண்டறிந்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான கடந்த லெந்து காலத்தில் விசுவாசத்தைப் பலப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று நாற்பது நாள் தியான நூல் ஒன்றையும் வேறு நான்கு புத்தகங்களையும் வாங்கி வைத்துத் தொடங்கியவர், பதினோராம் நாள் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். அந்த வேளையில் ஜெபக்குழுத் தோழி ஒருவர் ஒரு சிறு நூலைக் கொடுத்தார். நீங்காத வியாதிக்கு அறிக்கையிடாத பாவமோ அவிசுவாசமோதான் காரணம், மருந்தை நம்புகிறவர் தேவனை நம்பவில்லை என்பது அதன் சாரம். அதை வாசித்து மூன்று வாரம் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். உறக்கம் முற்றிலும் கெட்டதால் மீண்டும் எடுக்கத் தொடங்கி, இப்போது சொல்லப்பட்டதில் பாதி அளவை மட்டும் எடுக்கிறார். மருத்துவருக்கு இது தெரியாது. மகன் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அவர் கேட்பவை நான்கு: கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஆயத்தக் காலமான, வரவிருக்கும் திருவருகைக் காலத்துக்கு விசுவாசத்தை வளர்க்கும் புத்தகங்கள் எவை? தொடங்கிய வாசிப்பை முடிக்க முடியாமல் போவது விசுவாசக் குறைவா? கணவருடைய திருச்சபையின் நூல்களை வாசிக்கலாமா? மகனைத் திருப்பிக் கொண்டுவர அவன் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட நான்கும் புத்தகங்களைப் பற்றியவை. ஆனால் நான் முதலில் பேச வேண்டியது, கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் நீங்கள் சொல்லிச் சென்ற அந்த மாத்திரையைப் பற்றித்தான். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்; மூன்று வாரம் நிறுத்தியதையும் இப்போது பாதி எடுப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் உறக்கமின்மையும் பதற்றமும் வரலாம். அடங்கியிருந்த சோர்வு முன்னிலும் கடுமையாகத் திரும்பவும் கூடும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரோடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. அதை நானும் சொல்ல இயலாது, எந்தப் புத்தகத்தின் ஆசிரியரும் சொல்ல இயலாது. இடையில் என்றேனும் வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் எழுந்தால், அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் அன்றே கணவரிடம் சொல்லி உதவி தேடுங்கள்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் வாசிப்பைப் பற்றி உங்கள்மேல் சுமத்திக்கொண்டிருக்கும் குற்றச்சாட்டுகளில் பாதி, நோயின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை. கவனம் நிலைக்காமல் போவது மனச்சோர்வின் முதன்மையான அறிகுறிகளில் ஒன்று. ஒரு பத்தியை மூன்று முறை வாசித்தும் எதுவும் தங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சலில் இருப்பவர் மாடிப்படி ஏற முடியாததை அவருடைய சோம்பல் என்று யாரும் சொல்வதில்லை. பதினோராம் நாளோடு நின்றுபோன அந்த நூலை வைத்து உங்கள் விசுவாசத்தை எடைபோட வேண்டாம். எலியாவின் கதையை (1 இராஜாக்கள் 19) இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட தீர்க்கதரிசிக்கு முதலில் அருளப்பட்டது போதனை அன்று. உறக்கம், அப்பம், தண்ணீர், மறுபடியும் உறக்கம், மறுபடியும் அப்பம். அதன் பிறகுதான் ஓரேப் மலையை நோக்கிய நாற்பது நாள் பயணம். மெல்லிய சத்தம் அதற்கும் பிறகு. அந்த வரிசையை நாம் மாற்ற வேண்டியதில்லை.

தோழி கொடுத்த நூலைப் பற்றி

உங்கள் தோழி அன்பினால்தான் கொடுத்திருப்பார். அவரைக் குறை சொல்லாமலே அந்த நூலை அலமாரியிலிருந்து எடுத்துவிடலாம். அது வேதாகமத்தை மேற்கோள் காட்டுகிறது என்பதால் அதற்கு எதிராக நினைக்கவே பயமாக இருக்கிறது என்கிறீர்கள். எனவே வேதாகமத்திலிருந்தே பேசுகிறேன். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனுடைய பாவமும் அன்று, பெற்றோருடைய பாவமும் அன்று என்றார் இயேசு (யோவான் 9). யோபுவின் துன்பத்துக்கு அவருடைய மறைவான பாவத்தைக் காரணம் காட்டி அத்தனை அதிகாரங்கள் பேசிய நண்பர்களிடம், நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே முடிவில் சொல்கிறார்.

இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை எடுங்கள். சிறையில், மாரிகாலம் நெருங்கும் வேளையில், தம் மேலங்கியையும் புத்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு மாரிகாலத்துக்கு முன்னரே வந்து சேரும்படி அவர் கேட்கிறார். பருவம் பார்த்து வாசிக்க விரும்புகிற உங்களுக்கு அந்த வரிகள் மிகவும் பிடிக்கும். அதே இடத்தில், துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாகவும் ஒரு வரி எழுதுகிறார். அவனுக்கு விசுவாசம் இல்லை என்றோ, ஒளித்துவைத்த பாவம் இருக்கிறது என்றோ ஒரு சொல்லும் இல்லை. உடன் ஊழியர் நோயுற்றார், பயணம் தொடர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்போஸ்தலருக்குக் கூச்சம் தராத அந்த வரி, உங்கள் வீட்டு மருந்துப் பெட்டிக்கும் கூச்சம் தர வேண்டியதில்லை.

ஒரு புத்தகம் விசுவாசத்தை வளர்க்கிறதா என்பதை அதன் அட்டையை வைத்தோ அதில் உள்ள வசனங்களின் எண்ணிக்கையை வைத்தோ தீர்மானிக்க முடியாது. இதற்கு மிகவும் உதவும் ஒரு சோதனை, 1521-இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் காலில் குண்டு பட்டுப் படுக்கையில் கிடந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவின் அனுபவத்திலிருந்து வருகிறது. பொழுதுபோக்க வீரசாகசக் கதைகள் கேட்டார்; அந்த வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான் கிடைத்தன. நாட்கள் செல்லச் செல்ல ஒரு வேறுபாடு அவருக்குப் புலப்பட்டது. சாகசக் கனவுகளும் இனிக்கவே செய்தன. ஆனால் அவை ஓய்ந்த பிறகு மனம் வறண்டு கிடந்தது. புனிதர்களைப் பற்றிய எண்ணங்களோ ஓய்ந்த பின்னும் நிறைவைத் தந்துகொண்டிருந்தன. வாசிக்கும்போது என்ன உணர்கிறோம் என்பதைவிட, மூடிவைத்து ஒரு மணி நேரம் கழித்து நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்க்க அவர் கற்றுக்கொண்டார். தோழியின் நூலை மூடியபோது உங்களிடம் மிஞ்சியது பயமும், கணவரிடம்கூடச் சொல்ல முடியாத ஓர் இரகசியமும். அந்த நூலைப் பற்றிய முடிவுக்கு இது போதும்.

இந்த அளவுகோலின்படி, எந்த நூலாக இருந்தாலும், அது உங்களை மருத்துவரிடமிருந்தும் குடும்பத்தாரிடமிருந்தும் பிரித்தால், கேள்வி கேட்பதையே பாவமாக்கினால், காணிக்கைக்கு ஈடாகச் சுகத்தையோ செல்வத்தையோ உறுதியளித்தால் ஒதுக்கிவிடுங்கள். அழுத்தத்தினால் வாங்கிய புத்தகத்தை வாசிக்காமல் விடுவதற்கும், கொடுத்தவரிடம் அன்போடு திருப்பிக் கொடுப்பதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். நல்ல நூலும் தவறான நேரத்தில் வந்து சேரலாம். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸின் உரையாடல்களும் கடிதங்களும் அடங்கிய சிறு நூலை உங்கள் பட்டியலில் குறித்திருந்தீர்கள். பாத்திரம் கழுவும் வேளையிலும் தேவ சமுகத்தில் இருக்கக் கற்பிக்கும் அருமையான நூல் அது. நான் பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆயினும் நெடுநாள் நோயுற்ற ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றில், மனித மருந்துகளை விட்டுவிட்டுத் தேவனிடமே ஒப்புக்கொடுத்துவிடுவது நலம் என்ற பொருளில் அறிவுரை வருகிறது. அக்கால மருத்துவத்தால் குணப்படுத்த முடியாமல் போன ஒருவருக்கு, அந்நாளின் நண்பர் எழுதியது அது. மருந்து ஒழுங்காக நிலைபெற்ற பிறகு, உரையாடல்கள் பகுதியிலிருந்து தொடங்கி நிதானமாக வாசியுங்கள். இந்தத் திருவருகைக் காலத்தில் உங்களுக்கு அது வேண்டாம்.

எத்தனை புத்தகம்

ஒன்று. திருமறைக்கு வெளியே ஒன்றே ஒன்று.

பருவ கால வாசிப்பு புதிய வழக்கமன்று. 6-ஆம் நூற்றாண்டில் துறவியருக்காகப் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கின் 48-ஆம் அதிகாரத்தில் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் கொடுக்கப்பட வேண்டும். அதை அவர் தொடர்ச்சியாகவும் முழுவதுமாகவும் வாசிக்க வேண்டும். வாசிப்பதையும் ஜெபிப்பதையுமே வாழ்வாகக் கொண்டவர்களுக்கே ஒரு பருவத்துக்கு ஒரு நூல் என்றால், பள்ளி வேலையும் வீட்டு வேலையும் துக்கமும் நோயும் உள்ள உங்களுக்கு ஐந்து என்பது தொடக்கத்திலேயே முடியாத கணக்கு. அந்த விதியில் சொல்லப்படும் நூல் வேதாகமத்தின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எனக்கு அந்தக் கருத்து பிடித்திருக்கிறது. ஏனென்றால் விசுவாச நூல் என்றதும் நாம் கடைகளில் தேடுகிறோம். ஒரு சுவிசேஷத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே நூலாக எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்?

புத்தகத்தின் அளவைப் பருவத்தின் அளவோடு பொருத்தவும் வேண்டும். திருவருகைக் காலம் நவம்பர் 30-ஐ ஒட்டிய ஞாயிறன்று தொடங்குகிறது. ஆண்டுக்கேற்ப 22 முதல் 28 நாட்கள். லெந்து காலம் சாம்பல் புதன் முதல் உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்திய நாள்வரை 46 நாட்கள். ஞாயிறுகளை நீக்கினால் 40. ஈஸ்டர் தொடங்கிப் பெந்தெகொஸ்தே வரை 50 நாட்கள். இவற்றுள் திருவருகைக் காலமே மிகவும் சிறியது, வீட்டு வேலையும் அப்போதுதான் மிகுதி. பெரிய நூலை லெந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்குறிப்புப் போல் தேதியிட்ட தியான நூல்களைப் பற்றியும் ஒரு சொல். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு பக்கம், மூன்று நாள் தவறினால் நான்கு பக்கம் என்று கடன் ஏறிக்கொண்டே போய், கடைசியில் புத்தகத்தைப் பார்ப்பதே வேதனையாகிவிடுகிறது. உங்களுக்கு நேர்ந்தது இதுவே. தவறிய பக்கங்களைப் பின்னால் போய்ப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. இந்த வகையில் மிகவும் புகழ்பெற்ற ஆஸ்வால்ட் சேம்பர்ஸின் தியான நூல், அவர் 1917-இல் இறந்த பிறகு, தாம் எடுத்து வைத்திருந்த சுருக்கெழுத்துக் குறிப்புகளிலிருந்து அவருடைய மனைவி தொகுத்து 1927-இல் வெளியிட்டது. வெவ்வேறு வேளைகளில் பேசியவற்றின் துண்டுகள் அவை. ஒவ்வொரு பக்கமும் தனியாக நிற்கும். பன்னிரண்டாம் நாள் பக்கத்தை வாசிக்காமல் இருபதாம் நாள் பக்கத்துக்குச் சென்றால் எதுவும் கெட்டுவிடாது.

உங்களுக்கான என் பரிந்துரை

டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஓர் அதிகாரமாக லூக்கா சுவிசேஷத்தை வாசியுங்கள்; அதில் சரியாக 24 அதிகாரங்கள் உள்ளன. வழக்கமாக இந்தப் பருவத்தில் முதல் இரண்டு அதிகாரங்களோடு நாம் நின்றுவிடுகிறோம். எட்டாம் நாள் வாக்கில் பன்னிரண்டு ஆண்டு நோயுற்ற பெண்ணைச் சந்திப்பீர்கள். தம்மிடமிருந்த எல்லாவற்றையும் வைத்தியர்களுக்குச் செலவழித்தவள் அவள், ஆனால் அதற்காக இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை, மகளே என்றுதான் அழைக்கிறார். பதினைந்தாம் நாள் இளைய மகனின் கதை வரும். அதை உங்கள் மகனை நினைத்து அவசரமாக வாசிக்காமல், முதலில் உங்களுக்காக வாசியுங்கள். முடியாத நாளில் ஓர் அதிகாரத்தின் பத்து வசனங்கள் போதும். அதுவும் முடியாத நாளில் கணவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். காதால் கேட்பதும் வாசிப்புதான். அச்சு இயந்திரம் வருமுன் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் வேதத்தைக் கேட்டே அறிந்தார்கள்.

இதனோடு சேரும் அந்த ஒரு நூலாக வீரமாமுனிவரின் தேம்பாவணியைச் சொல்வேன். தமிழ் கற்பிக்கும் உங்களுக்கு 1726-இல் எழுந்த இந்தக் காப்பியம் புதிதன்று. ஆனால் பாடநூலில் வரும் சில பாடல்களுக்கு அப்பால் அதை ஒரு விசுவாச நூலாக நீங்கள் கையில் எடுத்ததில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அதை முழுவதும் வாசிக்கச் சொல்லவில்லை. நான்கு ஞாயிறுகளிலும், உரையுள்ள பதிப்பிலிருந்து கிறிஸ்து பிறப்பை ஒட்டிய பகுதிகளில் பத்துப் பதினைந்து பாடல்களைக் கணவரோடு அமர்ந்து வாய்விட்டு வாசியுங்கள். அதன் தலைவன் வளன் என்னும் யோசேப்பு. சுவிசேஷங்களில் பேசியதாக ஒரு சொல்கூடப் பதிவாகாதவர், புரியாததை ஏற்றுக்கொண்டு உறக்கத்தில் கிடைத்த கட்டளையின்படி எழுந்து நடந்தவர். காத்திருத்தலைப் பற்றிய இந்தப் பருவத்துக்கு அவரைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை. மேலும், உரையைப் பார்க்காமல் பாடலின் சுவையை எடுத்துச் சொல்வதில் உங்களுக்கு இருக்கும் ஆற்றலுக்கு, சோர்வின் நாட்களில் மறந்துபோன ஒரு மகிழ்ச்சியைத் திருப்பித் தரும் வலிமை இருக்கிறது. இது ஆற்றுப்படுத்துநராக நான் சொல்வது.

தந்தையின் இழப்பைப் பற்றிய நூல் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். சி. எஸ். லூயிஸ் தம் மனைவி 1960-இல் இறந்த பின் எழுதிய துக்கக் குறிப்புகள் 1961-இல் முதலில் புனைபெயரில் வெளிவந்தன. விசுவாசத்துக்காக ஊரறிய வாதாடிய ஒருவர், கதவு தம் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டதுபோல் உணர்ந்ததை மறைக்காமல் எழுதிய நூல் அது. ஆங்கிலத்தில் வாசிக்கத் தடையில்லையென்றால் புத்தாண்டுக்குப் பின் எடுங்கள், இப்போது வேண்டாம். அதுவரை 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. இருளில் தொடங்கி இருளிலேயே முடியும் அந்த ஜெபமும் திருமறைக்குள் இடம்பெற்றிருக்கிறது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் இறைவனின் அண்மையை உணராமலே உழைத்தார் என்பது உலகுக்குத் தெரியவந்தது. ஜெபத்தில் ஒன்றும் உணர முடியவில்லை என்று எழுதியிருக்கும் உங்களுக்கு, அந்த அனுபவம் விசுவாசத்தின் எல்லைக்கு வெளியே இல்லை என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

கணவருடைய திருச்சபையின் நூல்கள்

தாராளமாக வாசிக்கலாம். வீரமாமுனிவர் இயேசு சபைக் குரு. அவரைப் பரிந்துரைத்ததிலேயே என் விடை இருக்கிறது. தாமஸ் அ கெம்பிஸ் எழுதியதாகக் கொள்ளப்படும் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' 15-ஆம் நூற்றாண்டுத் துறவு மடத்திலிருந்து வந்த நூல். அதை 1735-இல் தம் பதிப்பாக ஆங்கிலத்தில் வெளியிட்டவர் மெத்தடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி. மறுதிசையிலும் பாதை திறந்தே இருக்கிறது: எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1678-இல் வெளிவந்த ஜான் பன்யனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி 1894-இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிக'த்தை உங்கள் கணவர் வாசித்தால் அவருடைய கத்தோலிக்க விசுவாசத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவர் மிகவும் மகிழ்வார் என்றுதான் நினைக்கிறேன்.

வேறுபாடுகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. நற்கருணையைப் பற்றியும் மரியாளைப் பற்றியும் நீங்கள் இருவரும் ஒரே விதமாக எண்ணப் போவதில்லை. அத்தகைய இடம் வரும்போது வாதத்தைத் தொடங்காமல், 'இதை உங்கள் சபையில் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?' என்று கேட்டு, பதிலைக் கடைசிவரை கேளுங்கள். திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை இருவரும் ஒருவரையொருவர் கேட்டதேயில்லை என்று கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது எனக்கு வருத்தமாக இருந்தது.

மகனின் கையில் எந்தப் புத்தகம்

இங்கேதான் உங்கள் எதிர்பார்ப்பை நான் மிகவும் மாற்ற வேண்டியிருக்கிறது. அவனைத் திருப்பிக் கொண்டுவரும் புத்தகம் என்று ஒன்றை என்னால் சொல்ல முடியாது. திருத்துவதற்காகக் கொடுக்கப்படும் புத்தகத்தை 17 வயதுப் பிள்ளை அட்டையைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்வான். அவனுடைய மேசையின்மேல் நீங்கள் வைத்த மூன்று நூல்களும் தூசு படிந்து கிடப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பின்னாளில் திருச்சபையின் பெரும் ஆசானான அகஸ்டினின் தாய் மோனிக்கா உங்களைப்போலவே ஒரு வழியைத் தேடினார். நன்மை, தீமை என்னும் இரு சக்திகள் உலகில் போரிடுவதாகப் போதித்த மானிக்கேயரோடு மகன் சேர்ந்துவிட்டான். கற்றறிந்த ஓர் ஆயரிடம் சென்று, அவனோடு பேசி அவனுடைய தவறுகளை எடுத்துக்காட்டும்படி மன்றாடினார். ஆயர் மறுத்துவிட்டார். அவன் இன்னும் கேட்கும் நிலையில் இல்லை, அவனை விட்டுவிடுங்கள், அவனுக்காக ஜெபம் மட்டும் செய்யுங்கள், வாசித்து வாசித்துத் தானே கண்டுபிடிப்பான் என்றார். அந்த ஆயரே சிறுவயதில் மானிக்கேயரிடம் வளர்ந்தவர். அவர்களுடைய நூல்களை ஏறத்தாழ எல்லாம் வாசித்தும் தம் கையால் படியெடுத்தும், யாரும் வாதிடாமலே வெளியே வந்தவர். மோனிக்கா விடாமல் அழுதபோதுதான், இத்தனை கண்ணீரின் மகன் அழிந்துபோக முடியாது என்ற புகழ்பெற்ற விடை வந்தது. நாம் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மேடைகளில் சொல்லிவிட்டு, அதற்கு முன் அவர் சொன்ன கடினமான அறிவுரையை விட்டுவிடுகிறோம். அகஸ்டினை 19 வயதில் முதன்முதலாக உண்மையின்மேல் ஏக்கம் கொள்ளச் செய்த நூலும் கிறிஸ்தவ நூலன்று; சிசரோ என்னும் ரோமானியர் தத்துவத்தைப் பற்றி எழுதியது. இவையெல்லாம் அகஸ்டினே தம் 'அறிக்கைகள்' நூலின் மூன்றாம் புத்தகத்தில் எழுதியிருப்பவை.

எனவே நீங்கள் செய்யக்கூடியது வேறொன்று: அவன் வாசிப்பதை நீங்கள் வாசியுங்கள். கடவுள் நல்லவரென்றால் தாத்தா ஏன் அப்படி வலியில் இறந்தார் என்று அவன் கேட்டபோது நீங்கள் அழுதுவிட்டதாகவும், அவன் எழுந்து போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு உங்களிடமும் முழுமையான விடை இல்லை என்பதை அவனிடம் சொல்லலாம். சொன்னால் உங்கள் விசுவாசம் சிறுத்துவிடாது. அவன் மேசையில் இருக்கும் அந்த மூன்று நூல்களையும், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எடுத்துவிடுங்கள். ஞாயிறு மாலை நீங்களும் கணவரும் வாசிக்கும் இடத்தில் அவனுக்கு இருக்கை இருக்கட்டும்; வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது. நம்புவதா, வேண்டாமா என்பது அவனுடைய மனச்சாட்சியின் உரிமை, அதைத் தாய் தந்தையரும் அவனுக்காகச் செலுத்திவிட முடியாது. ஆராதனைக்கு வராததற்காகக் கைச்செலவுப் பணத்தை நிறுத்துவதாகக் கணவர் சொன்னதை நடைமுறைப்படுத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் வீட்டில் உண்மை பேசுவதற்கு ஒரு தண்டனை உண்டு என்பதையே அவன் கற்றுக்கொள்வான்.

லெந்து காலம்வரை

அடுத்த நூலை இப்போதே வாங்கிவிட வேண்டாம். சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்பு மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, உறக்கமும் கவனமும் எப்படி இருக்கின்றன என்று கணக்கெடுங்கள். நிலைமை நன்றாக இருந்தால், அகஸ்டினின் 'அறிக்கைகள்' நூலின் பதின்மூன்று புத்தகங்களில் முதல் ஒன்பதை நாற்பது நாளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். அவருடைய வாழ்க்கைக் கதை மோனிக்காவின் மரணத்தோடு ஒன்பதாம் புத்தகத்தில் முடிகிறது, எஞ்சியவை நினைவு, காலம், படைப்பு பற்றிய கடினமான சிந்தனைகள். நிலைமை சுமாராக இருந்தால், மனந்திரும்புதலின் சங்கீதங்கள் என்று திருச்சபை தொன்றுதொட்டு ஓதிவரும் ஏழு சங்கீதங்கள் (6, 32, 38, 51, 102, 130, 143) போதும். வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் லெந்து முழுவதற்கும் வரும்.

டிசம்பர் 24 வரும்போது லூக்காவில் பதினாறாம் அதிகாரத்தில்தான் நிற்கிறீர்கள் என்றால், கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரி 6-ஆம் நாள் திருக்காட்சிப் பெருவிழாவரை நீள்கிறது. மீதியை அந்த நாட்களில் வாசியுங்கள். மருத்துவரைச் சந்தித்த விவரத்தை மட்டும் அதற்குள் எனக்கு எழுதிவிடுங்கள்.